உன் கவிஞன்மேல எனக்குள்ள கோபம்

தம்பி,

உன் விவாகரத்து மனுவை டைப் அடிக்கச் சொல்லிப் புதன்கிழமை காலைல என் கடைக்கே கொண்டுவந்துட்டாங்க. கோர்ட்டுக்கு எதிர்ல இருபது வருஷத்துக்கு மேல ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ்னு போர்டு மாட்டி உக்காந்திருக்கிறவ நான். காரைக்கால்ல ஒரு மனு என்னைத் தாண்டி வேற எங்க போகும்? கொண்டுவந்தவங்க அந்த வக்கீல்கிட்ட புதுசா சேர்ந்த குமாஸ்தா அம்மா, ரகமத்துன்னு பேரு, திருமலைராயன்பட்டினத்துக்காரங்க. அவங்களுக்கு நம்ம குடும்பம் தெரியாது. "திங்கக்கிழமை தாக்கல் பண்ணணும்க்கா, ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுதான், சின்ன மனு"ன்னு சொல்லிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. முதல் மனுதாரர் பவித்ரா. சரி, ஊர்ல எத்தனையோ பவித்ரா. இரண்டாம் மனுதாரர்னு உன் பேரு, பக்கத்துல உங்கப்பா பேரு, கீழே நம்ம வீட்டு விலாசம். என் விரல் நிக்கல தம்பி. பழகின விரல், அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே போச்சு. நான்தான் நின்னுட்டேன். என் முகத்தைப் பாத்த ரகமத்து என்ன ஏதுன்னு கேட்டாங்க, சொன்னேன். "யா அல்லா, உங்க புள்ளையாக்கா?"ன்னு காகிதத்தைப் பிடுங்க வந்தாங்க. "விடுங்க, இன்னும் ஒரு பக்கம்தானே பாக்கி"ன்னு சொல்லி முழுசா அடிச்சு முடிச்சு, ரெண்டு தரம் சரிபாத்து பிரிண்ட் எடுத்தேன். தப்பு ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போடுற இடம் காலியா அது என் டிராயர்ல கிடக்கு. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.

ஒரு வருஷத்துக்கு மேலா நீ என்கிட்ட என்ன சொன்னே? "பவி அவங்க அம்மா வீட்டுல இருக்காம்மா, கொஞ்ச நாள்ல வந்துடுவா." போன்ல கேட்டா ம், இல்லன்னா சரிம்மா. அதுக்கு மேல உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியல. அதனாலதான் இதை எழுதறேன். எழுத்துன்னா நீ கடைசி வரி வரைக்கும் படிப்பே, புதுச்சேரி காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லித் தர்ற உனக்கு அது தொழில். படி. கோபமா எழுதறேன்னு தெரிஞ்சே எழுதறேன், நடுவுல எங்கயாவது அம்மா குளிர்ந்துட்டான்னு நினைச்சுக்காதே.

அன்னைக்குச் சாயங்காலமே கடையைச் சாத்திட்டு கோட்டுச்சேரிக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போனேன். ரெண்டு நாள் ஜுரத்துல கிடந்த பவித்ரா, என்னைப் பாத்ததும் காபி போட்டுக் கொண்டாந்து வச்சா. மனு என் கைக்கு வந்ததைச் சொன்னேன். அவளுக்கு முகம் செத்துப்போச்சு. "உங்ககிட்டயா அத்தை வந்துச்சு? சத்தியமா எனக்குத் தெரியாது அத்தை"ன்னா. அது கிடக்கட்டும், என்னதான் உங்களுக்குள்ளன்னு கேட்டேன். அவ சொன்னதை அப்படியே எழுதறேன், ஒரு எழுத்து மாத்தல. "அத்தை, அவரு என்னை அடிச்சதில்ல, குடிச்சதில்ல, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. எது கேட்டாலும் எதுக்குங்கிறாரு. வாசல்ல ரெண்டு செடி வைக்கலாம்னா எதுக்குங்கிறாரு. பாப்பா பொறந்தநாளுக்கு நாலு பேரைக் கூப்பிடலாம்னா எதுக்குங்கிறாரு. லேப்ல என்னை இன்சார்ஜ் ஆக்கினாங்க, ஓடிவந்து சொன்னேன். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்னாரு. ஏழு வருஷம் இழுத்துப் பாத்துட்டேன் அத்தை, மூச்சு முட்டுது." அவன் வந்து பேசினா மனசு மாறுவியாம்மான்னு கேட்டேன். "யார்கிட்ட பேசினா? பாப்பாகிட்டயா? என் முகத்தைப் பாத்து என்கிட்ட பேசட்டும். அப்புறம் யோசிக்கிறேன். சரின்னு சொல்லுவேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுக்கல"ன்னா. நியாயமான பொண்ணு. நான் அவ இடத்துல இருந்திருந்தா இதுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

பாப்பாகிட்டயான்னு அவ கேட்டப்போ எனக்குப் புரியல. பத்து நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு. உன் போன் வந்துச்சு. பாப்பா யாழினிதான் எடுத்தா. நீ ஏதோ ஃபைலைக் கேட்டே, அவ போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கையில வச்சபடியே உள்ளே திரும்பி, "அம்மா, அப்பாவோட பச்சைக் கலர் ஃபைல் எங்க இருக்குன்னு கேக்குறாங்க"ன்னு கத்தினா. அடுப்படியிலேருந்து இவ, "அலமாரி மேல்தட்டுல இருக்குன்னு சொல்லு". நீ தேடிப் பாத்திருக்கே போல. "இல்லையாம் அம்மா." "இருக்கு, நல்லா பாக்கச் சொல்லு." நாலு தரம் அந்த ஆறு வயசுக் குழந்தை புதுச்சேரிக்கும் அடுப்படிக்கும் போய்ப் போய் வந்துச்சு. கடைசியா நீ போனை வச்சுட்டே. எனக்குத் தெரியும், ஸ்பீக்கர்லதான் இருந்துச்சு, டொக்குன்னு வச்சது என் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் குழந்தை அடுப்படிக்குப் போயி, "அம்மா, உனக்கு ஜுரம் விட்டுச்சான்னு அப்பா கேட்டாங்க"ன்னு சொல்லுச்சு. நீ கேக்கவே இல்லடா. அதுவா சேத்துச் சொல்லுச்சு. பவித்ராவுக்கும் தெரியும். "விட்டுடுச்சுன்னு சொல்லு"ன்னு சொல்லிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டா.

அந்த இடத்துல என்னால உக்கார முடியல. எந்திரிச்சு வந்துட்டேன். ஏன்னு உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்காதே.

இப்போ உன் ஆளுக்கு வர்றேன். இத்தனை வருஷமா நீ கட்டிக்கிட்டு அழுவுற அந்த இங்கிலீஷ்காரன். முதல்ல நாவலா எழுதித் தள்ளி, ஊர் உலகம் திட்டினதும் அதை மூட்டை கட்டி வச்சிட்டு, வயசான காலத்துல பாட்டா எழுதினாரே, அந்த மகராசன். அவரோட பாட்டுல இருக்கிற அவநம்பிக்கையைப் பத்திதானே உன் பி.எச்.டி.? கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா யோசனை ஓடாதுன்னு நீ கையால எழுதி எழுதிப் பஸ்ல கொடுத்தனுப்புவே, நான் மனுவுக்கும் பத்திரத்துக்கும் நடுவுல உன் அத்தியாயத்தை அடிப்பேன். உங்க கைடு திருத்தம் போட்டுக் கொடுக்கக் கொடுக்க முழுசையும் மூணு தரம் அடிச்சிருக்கேன். அவரை இந்தக் காரைக்கால்ல உனக்கு அடுத்து அதிகமாத் தெரிஞ்சவ நான்தான்.

எங்க தொழில்ல ஒரு பாடம் உண்டு. டைப் அடிக்கிறவளுக்கு அர்த்தம் மண்டைல ஏறக்கூடாது. எழுத்து கண்ணுல விழணும், விரல்ல இறங்கணும், நடுவுல எங்கயும் தங்கக்கூடாது. தங்கினா தப்பு விழும். கொலைக் கேஸ் அடிச்சிருக்கேன், சொத்துக்காக அண்ணன் தம்பி ஒருத்தனை ஒருத்தன் நாறடிச்ச வழக்கு அடிச்சிருக்கேன், ஒண்ணும் தங்கினதில்ல. உன்னோட முதல் மூணு அத்தியாயமும் அப்படித்தான் ஓடிச்சு. கடவுள் காதுல எதுவும் விழாதுங்கிறாரு, சரி. குளிர்காலம், இலை உதிர்ந்த மரம், கல்லறை, மழை, சரி சரி. அவரை யாரோ அவநம்பிக்கைக்காரர்னு சொன்னா அவருக்குக் கோபம் வருமாம், நீ அவருக்காக வக்கீல் மாதிரி வாதாடியிருந்தே, அது அவநம்பிக்கை இல்ல, உள்ளதை உள்ளபடி பாக்குறதுன்னு. பாத்துக்கட்டும், யார் வேண்டாம்னது? மார்கழி முழுக்கக் கருமேகம் நின்னா நான்கூட உள்ளதை உள்ளபடிதான் பாக்குறேன், அதுக்காகக் கொடியில கிடக்கிற துணியை எடுக்காம இருக்கேனா?

நாலாவது அத்தியாயத்துலதான் எனக்குத் தப்பு விழ ஆரம்பிச்சுது. ஒரே வீட்டுல அவரும் அவர் பொண்டாட்டியும் வருஷக்கணக்கா முகம் பாக்காம இருந்தது. அவ மாடில, இவரு எழுதற அறைல. வேலைக்காரங்கதான் நடுவுல. அப்புறம் ஒரு நாள் அந்தம்மா செத்துப்போனா. அதுக்கப்புறம் பிடிச்சுது பாரு இவருக்குப் பாசம்! அவளை முதமுதலா பாத்த இடத்துக்கு ஓடினாராம், அவ நடந்த கடற்கரையைத் தேடிப் போனாராம், பாட்டுமேல பாட்டா எழுதினாராம். உலகத்திலேயே உயர்ந்த சோகப் பாட்டுன்னு நீ எழுதியிருந்தே. நான் அந்தப் பக்கத்துல பதினோரு தப்பு விட்டேன். நீ சிவப்பு மையில வட்டம் போட்டு அனுப்பினே, "அம்மா, கண்ணாடி மாத்தணும் போலிருக்கே"ன்னு ஒரு கிண்டல் வேற.

கண்ணாடிக்கு ஒண்ணும் வரலடா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவ மாடில உயிரோட இருந்தாளே, பதினஞ்சு படி ஏறினா ஆயிடுமே, ஏறினாரா? ஒரு டம்ளர் தண்ணி கொண்டுபோயி என்னடி செய்யுதுன்னு கேட்டாரா? கேக்காம, அவ மண்ணுக்குள்ள போனதும் எதுகை மோனை பாத்து அழுதா, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் இல்லாம அது வேற என்ன? இதுல காலத்தைக் குத்தம் சொல்றாரு, விதியைக் குத்தம் சொல்றாரு, அன்புன்னாலே தேஞ்சு அத்துப்போறதுதான்னு சட்டம் போடுறாரு. உங்க வீட்டுப் படியை நீ ஏறாததுக்கு உலகம் என்னய்யா பண்ணும்? நீயும் உங்க காலேஜ் வாத்தியார்களும் அவருக்குக் கை தட்டினீங்க. ஏன்னா உங்க யாருக்கும் அந்தம்மாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அந்த மாடில பன்னெண்டு வருஷம் இருந்திருக்கேன். அதைவிடக் கேவலம், நான்தான் அந்த மாடியைக் கட்டினேன்.

உனக்கு அப்போ பதினோரு வயசு. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுல பதிஞ்சு வச்சு வருஷக்கணக்கா காத்திருந்தேன், டைப்பிஸ்ட் வேலை, கவர்மெண்ட் வேலை. நம்ம புதுச்சேரி கவர்மெண்டுல வேலை கிடைக்கிறதுன்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. காரைக்கால்லயும் போடுவான், புதுச்சேரியிலயும் போடுவான், மாஹேயிலயும் போடுவான், ஏனாம்லயும் போடுவான். எனக்கு ஏனாம். ஆந்திராவுல, கோதாவரிக் கரையில, நம்ம ஊர்லேருந்து ஒரு பகல் ஒரு ராத்திரிப் பயணம். ஆர்டர் பதிவுத் தபால்ல வந்துச்சு, நான் உன்னை ஸ்கூல்ல விடப் போயிருந்தேன், உங்கப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. வாங்கினவரு விதைநெல் சாக்குக்குள்ள அதைச் சொருகி வச்சிட்டு வாயே திறக்கல. ரெண்டு மாசம் கழிச்சு விதை ஊறப்போடச் சாக்கைப் பிரிச்சப்போ நெல்லோட நெல்லா வந்து விழுந்துச்சு. சேர வேண்டிய தேதி எப்பவோ போயிடுச்சு. கையில பிடிச்சுக்கிட்டு ஏன்னு கேட்டேன். அவரு வயக்காட்டுச் சேறு காலோட நின்னுக்கிட்டு, "எதுக்கு அவ்வளவு தூரம்?"னாரு. அவ்வளவுதான். நீ போயிட்டா என்னால இருக்க முடியாதுடின்னுதான் அதுக்கு அர்த்தம்னு இப்போ தெரியுது. அதைச் சொல்லத் துப்பில்ல அந்த மனுஷனுக்கு. நானும் புரிஞ்சுக்கல. இனிமே உங்ககூட பேச எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். சொன்னதைக் காப்பாத்தினேன்.

அவர் பண்ணினது துரோகம், இன்னைக்கும் அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அடுத்த பன்னெண்டு வருஷம் நடந்தது என்னோட வேலை. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." அவர் மூணடி தள்ளி நிப்பாரு. "உங்கம்மாவை மோர் ஊத்தச் சொல்லு." ரெண்டு பேருக்கும் நடுவுல நீ தட்டுல கை வச்சபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவே. ஊர்ல பாதி வீட்டுல இப்படித்தான் நடக்குதுன்னு நான் சமாதானம் சொல்லிக்குவேன், பேச்சு நின்னாலும் சோறு நிக்கலையேன்னு. நான் கடை வச்சப்போ ஒரு பழைய டைப்ரைட்டரைச் சைக்கிள் கேரியர்ல கட்டி, பத்திரமா உருட்டிக்கிட்டே கொண்டுவந்து மேஜைல வச்சவரு அவருதான். வச்சிட்டு உன்கிட்ட, "ரிப்பனைப் பாத்துக்கச் சொல்லு"ன்னாரு. நீ காலேஜுக்குப் போனதும் கூத்து இன்னும் அதிகமாச்சு. மார்க்கெட்டுக்குக் கிளம்புறவரு, புதுச்சேரி ஹாஸ்டல்ல இருக்கிற உனக்குப் போன் போட்டு, பக்கத்து ரூம்ல இருக்கிற என்கிட்ட என்ன காய் வேணும்னு கேக்கச் சொல்லுவாரு. நீ எனக்குப் போன் போடுவே, நான் உனக்குச் சொல்லுவேன், நீ அவருக்குச் சொல்லுவே. கத்தரிக்காய் அந்தச் சுத்துச் சுத்தித்தான் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. சிரிப்பா இருக்கு இல்ல? உனக்கு அப்போ சிரிப்பா இருந்திருக்காது. நீயும் சேத்துச் சொல்லுவே, எனக்குத் தெரியும். "அம்மா, குழம்பு நல்லாருக்குன்னு அப்பா சொன்னாரு"ம்பே. அந்த மனுஷன் ஜென்மத்துல குழம்பைப் பத்தி வாய் திறந்தவரில்ல. தெரிஞ்சும் நான் பேசாம வாங்கிக்கிட்டேன். ஒரு குழந்தை பொய் சொல்லிப் பொய் சொல்லி வீட்டைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு எனக்கு உறைக்கவே இல்ல. புதன்கிழமை யாழினி வாயிலேருந்து அந்த ஜுரம் வந்து விழுந்தப்போதான் உறைச்சுது.

அதனால நீ அந்தக் கவிஞனை எங்கே கண்டுபிடிச்சேன்னு நான் கேக்க மாட்டேன். நம்ம சாப்பாட்டுத் தட்டுலதான் கண்டுபிடிச்சே. எல்லாம் கடைசியில இப்படித்தான் ஆகும்னு ஒருத்தன் அழகா எழுதி வச்சிருக்கான்னு தெரிஞ்சதும் உனக்குப் பெரிய ஆறுதல். அம்மா அப்பாமேல தப்பில்ல, உலகமே அப்படி. மத்தவங்களுக்கு அது பாட்டு, உனக்குப் போர்வை. இழுத்துப் போத்திக்கிட்டே. பொண்டாட்டி செடி வைக்கலாம்னா போர்வைக்குள்ளேருந்து எதுக்குங்கிறே.

உன் ஆளைப் பத்தி ஒண்ணே ஒண்ணு நல்லதாச் சொல்றேன், அதுவும் உன்னைத் திட்டறதுக்காகத்தான். அவர் பாட்டை அடிக்கிறப்போ என் விரலுக்கு ஒண்ணு தெரிஞ்சுது. ஒவ்வொரு வரியும் அளந்து வெட்டினது. ஒரு வரி நீளம்னா அடுத்தது குட்டை, திரும்ப அதே நீளம், திரும்ப அதே குட்டை, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கணக்கு, பிசகவே பிசகாது. ஏண்டா, எல்லாம் வீண்னு நிஜமாவே நம்புறவன் இப்படி மெனக்கெடுவானா? யாரோ ஒருத்தன் படிப்பான், அவன் காதுல சரியா விழணும்னு நம்பினவன்தான் இப்படிச் செய்வான். எண்பது தாண்டியும் காலைல மேஜைக்கு வந்து உக்காந்தாருன்னு நீயே எழுதியிருந்தே. வாயால ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டு கையால ஓயாம செஞ்சிருக்காரு. உங்கப்பாவும் அந்த ஜாதிதான். நம்ம ஊர் கடைமடை, மேட்டூர்ல தண்ணி திறந்து எல்லாரும் குடிச்சு மிச்சம் மீதி இருந்தாத்தான் நமக்கு. வருஷா வருஷம் அவர் "இந்தத் தடவை தேறாது"ன்னுதான் ஆரம்பிப்பாரு. சொல்லிக்கிட்டே நாத்தங்காலை உழுவாரு. கதிர் முத்தி நிக்கிறப்போ எப்படிங்க வெள்ளாமைன்னு யாராவது கேட்டா, "என்னமோ இருக்கு"ம்பாரு. நல்லாருக்குன்னு சொன்னா கண் பட்டுடும்னு பயம். அந்த அவநம்பிக்கையெல்லாம் வாயோட சரி, கைக்கு இறங்காது. நீ பெரிய படிப்புப் படிச்சு அதைக் கையிலயும் இறக்கிக்கிட்டே. நீ பாட்டும் எழுதல, நாத்தும் விடல, செடிக்குத் தண்ணியும் ஊத்தல. அவங்க ரெண்டு பேருகிட்டேருந்தும் பேச்சை மட்டும் எடுத்துக்கிட்டு வேலையை விட்டுட்டே.

இனி எழுதப் போறதைப் பதினோரு வருஷமா எழுதாம வச்சிருந்தேன். மனு மட்டும் என் மேஜைக்கு வராம இருந்திருந்தா இது என்னோட சேர்ந்து கட்டையில எரிஞ்சிருக்கும்.

உன் தீசிஸ் முன்பக்கத்துல சமர்ப்பணம் போட்டியே. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தையும் பேசாமல் போன என் அப்பாவுக்குன்னு. இங்கிலீஷ்ல. பக்கத்துக்கு நடுவுல, சாஞ்ச எழுத்துல. நான்தான் அடிச்சேன். அதுல ஒரு தப்பும் விழல. அது பொய்னு தெரிஞ்சும் விழல.

அவர் ஆஸ்பத்திரியில கிடந்த அந்த மூணாவது நாள், மதியம். நீ இளநீர் வாங்கிட்டு வர்றேன்னு கீழே போனே. கட்டில்கிட்ட நானும் ஒரு நர்ஸ் பொண்ணும்தான், அது டிரிப்ஸ் பாட்டிலை மாத்திக்கிட்டிருந்துச்சு. உங்கப்பா கண்ணைத் திறந்தாரு. என்னைப் பாத்தாரு. சுவரைப் பாக்கல, நர்ஸைப் பாக்கல, நேரா என்னைத்தான் பாத்தாரு. "செல்வி, நீ சாப்பிட்டியா?"ன்னாரு. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா அந்த வாயிலேருந்து என் பேரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நர்ஸ் பக்கம் திரும்பி, "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்"னேன். பழகின வாய்டா. அந்தப் பொண்ணு விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சுச்சு. "அவருக்கே கேக்குதேம்மா, நீங்களே சொல்லுங்களேன்"னுச்சு. நான் சொல்லல. நான் சாப்பிட்டிருக்கவும் இல்ல. அவரும் லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாரு. நீ இளநீரோட வந்து நின்னே. சாயங்காலம் எல்லாம் முடிஞ்சப்புறம் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, "நான் இல்லாதப்போ அப்பா ஏதாவது பேசினாராம்மா?"ன்னு கேட்டே. இல்லன்னேன். அவர் பேசினாருன்னா நான் என்ன பதில் சொன்னேன்னு அடுத்துக் கேப்பியே, அந்தப் பயம்.

அந்த ஒரு இல்லையை வச்சுத்தான் நீ வீடு கட்டியிருக்கே. உங்கப்பா பேசாம செத்தாரு, அதனால மனுஷங்க கடைசி வரைக்கும் பேசிக்க மாட்டாங்க, அதனால எதுக்கு. உன் தீசிஸுக்கு உங்க கைடு ஆயிரம் திருத்தம் போட்டாரு, அவருக்குத் தெரியாத திருத்தம் இது. உங்கப்பா பேசினாரு. அவருக்குப் பதில் கிடைக்காததுக்கு விதியும் காரணமில்ல, காலமும் காரணமில்ல, நான்தான் காரணம். என்னை நீ மன்னிக்க வேண்டாம். திட்டணும்னா வந்து திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா என் தப்பை எடுத்துக்கிட்டுப் போயி உலகத்தோட சட்டம்னு மாட்டி வைக்காதே, அதுக்குக் கீழே பவித்ராவை நிக்க வைக்காதே.

இதை இன்னைக்கே கொரியர்ல போடுறேன், நாளைக்குச் சனிக்கிழமை உன் கையில இருக்கும். ஞாயித்துக்கிழமை காலைல முதல் பஸ்ஸைப் பிடி. காரைக்கால் வரைக்கும் வராதே, வர்ற வழியில கோட்டுச்சேரியிலேயே இறங்கு. என்னைப் பாக்குறது அப்புறம். அவ வேண்டாம்னு சொன்னா அது அவ உரிமை, மனுல தப்பு ஒண்ணும் இல்ல, கையெழுத்தைப் போட்டுட்டுப் போ. அதை நான் தடுக்க மாட்டேன். அவகிட்ட என்ன பேசணும்னு நான் சொல்லித் தர முடியாது, எனக்கே தெரியாது. ஒண்ணு மட்டும் செய். சத்தம் கேட்டு யாழினிதான் முதல்ல ஓடிவரும். அம்மா இருக்காளான்னு அதுகிட்ட கேக்காதே. குழந்தையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, அடுப்படி வரைக்கும் கேக்குற மாதிரி அவ பேரைச் சொல்லி நீயே கூப்பிடு.

அம்மா